உறை முக்கியமா, தட்டு முக்கியமா? சேகரிப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இசைத்தட்டு, கேசட், சிடி ஆகியவற்றின் உறைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். பழைய தட்டுகளை வாங்கிச் சுத்தம் செய்து, உறை மாற்றிக் கொடுப்பது என் தொழில்.

அப்பாவின் எல்பி (நீண்ட நேரம் ஓடும் பெரிய இசைத்தட்டு) தட்டுகளைத் தூசி படாமல் இருக்கத் தடித்த, மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்தேன். இப்போது சில தட்டுகளில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. கழுவினாலும் போகவில்லை. (சென்னை)

அது தூசியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. நீங்கள் வாங்கியது பிவிசி உறை. அந்தப் பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வெப்பத்தில் அது மெல்லக் கசிந்து தட்டின் மேல் படிந்து, பரப்பையே மாற்றிவிடுகிறது. ஊசி அந்த இடத்துக்கு வரும்போது சீறல் கேட்கும். இதற்குச் சிகிச்சை கிடையாது. மற்ற தட்டுகளையாவது இன்றே வெளியே எடுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும்போது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை என்று சொல்லுங்கள். பிவிசி உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புது ரெயின்கோட்டின் வாடை அடிக்கும். மூக்கை நம்பலாம்.

உள்ளே இருக்கும் பழைய காகித உறையைத் தூக்கி எறிந்துவிடலாமா? (மதுரை)

எறியாதீர்கள். ஆனால் தட்டை அதில் வைக்கவும் வேண்டாம். காகிதத்தின் நார் உதிர்ந்து பள்ளங்களில் சேரும். ஒவ்வொரு முறை உருவும்போதும் மெல்லிய கீறல் விழும். தட்டைப் புதிய பாலிஎத்திலீன் உள்ளுறைக்கு மாற்றிவிட்டு, பழையதை வெறுமையாக வெளி அட்டை உறைக்குள்ளேயே வையுங்கள். அந்தக் காகிதத்தில் நிறுவனத்தின் மற்ற வெளியீடுகளுக்கான விளம்பரம் இருந்தால், அது அந்தக் காலத்தின் கடைப் பட்டியல். அதை விட்டால் எளிதில் கிடைக்காது.

இன்னொன்று: உள்ளுறையின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி அட்டைக்குள் செருகுங்கள். அட்டையின் வாயும் உள்ளுறையின் வாயும் ஒரே பக்கம் இருந்தால், கொஞ்சம் சாய்த்தாலே தட்டு உருண்டு தரையில் விழும்.

தாத்தாவின் 78 வேகத் தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகள்) எல்லாம் நடுவில் ஓட்டை போட்ட பழுப்புக் காகிதத்தில்தான் இருக்கின்றன. அசல் உறைகள் தொலைந்துவிட்டனவா? (கும்பகோணம்)

அவைதான் அசல். நடுவில் தெரியும் லேபிளைப் படித்துத் தட்டை எடுக்கத்தான் அந்த வட்டத் துளை. படம் போட்ட உறை பின்னால் வந்த வழக்கம். அமெரிக்காவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் 1939இல் சேர்ந்த வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்தான் உறையில் ஓவியம் தீட்டும் வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர். 1948இல் அதே நிறுவனம் எல்பியைக் கொண்டுவந்தபோது படம் போட்ட அட்டை உறையும் நிலைபெற்றது. உங்கள் காகித உறைகளில் விற்ற கடையின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்தத் தட்டு எந்த உறையில் வந்ததோ அப்படியே வைத்திருங்கள்.

தபாலில் வந்த எல்பியின் அட்டை மேல் விளிம்பில் கிழிந்திருந்தது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (கோவை)

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. பொட்டலம் விழும்போது உள்ளே இருக்கும் தட்டின் விளிம்பே கத்திபோல் அட்டையின் ஓரத்தைப் பிளந்துவிடும். அடுத்த முறை, தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கள் இசைக்குழுவின் முதல் எல்பி உறையில் உலோகப் பொத்தான் பதிக்க நினைக்கிறோம். உங்கள் கருத்து? (பெங்களூரு)

முதல் எல்பிக்கு வாழ்த்துகள். பொத்தான் மட்டும் வேண்டாம். பிரிட்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு 1971இல் வெளியிட்ட எல்பியின் உறையில் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் யோசனைப்படி உண்மையான ஜிப் பொருத்தினார்கள். தட்டுகளை அடுக்கி அனுப்பியபோது, ஒன்றின் ஜிப் அடுத்த தட்டில் பாட்டு பதிந்த பகுதியிலேயே அழுந்தித் தடம் பதித்தது. கடைசியில் ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டு அனுப்பினார்கள். அழுத்தம் லேபிளின் மேல் விழுந்தது, பாட்டு தப்பியது. அவ்வளவு பெரிய குழுவுக்கே இந்த நிலை. அந்தப் பணத்தை இரண்டாக விரியும் கேட்ஃபோல்டு அட்டைக்குச் செலவிடுங்கள். உள்ளே பாடல் வரிகளுக்கும் வாசித்தவர்களின் பெயர்களுக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.

சிடிக்கு டிஜிபேக் (மடித்துத் திறக்கும் அட்டை உறை) நல்லதா, பிளாஸ்டிக் பெட்டியா? (திருச்சி)

பார்க்க அழகு டிஜிபேக். நான் பிளாஸ்டிக் பெட்டியின் பக்கம். அதன் மூடி உடைந்தாலோ, நடுவில் தட்டைப் பிடிக்கும் பற்கள் முறிந்தாலோ, அதே அளவுப் பெட்டி வாங்கிப் புத்தகத்தையும் பின்தாளையும் மாற்றிக்கொள்ளலாம். டிஜிபேக்கில் பிளாஸ்டிக் தட்டம் அட்டையோடு ஒட்டியிருக்கிறது. பல் முறிந்தால் சிடி உள்ளே ஆடிக்கொண்டே கீறல் வாங்கும்.

மாமா 1989இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிடி ஓரடி உயர அட்டைப் பெட்டியில் இருக்கிறது. ஏன் இவ்வளவு பெரிது? (சேலம்)

அதற்கு லாங்பாக்ஸ் என்று பெயர். கடைகளில் இருந்ததெல்லாம் எல்பிக்கான அடுக்குகள். 12 அங்குல உயரத்தில் செய்தால் எல்பி நின்ற இடத்தில் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சட்டைக்குள் ஒளித்துத் திருடவும் முடியாது. வீண் காகிதம் என்று எதிர்ப்பு எழுந்ததால் 1993இல் கைவிட்டார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கிழித்து எறிந்துவிட்டதால் முழுப் பெட்டி இன்று அரிது. வெட்டாமல் வையுங்கள்.

அலமாரியில் உறைகளுக்கு இடையே பாச்சை உருண்டை போடலாமா? (நாகர்கோவில்)

கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கைப் பாதிக்கும். வெளிச்சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான இடத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். பூஞ்சை பிடித்த அட்டையை உடனே தனியாக எடுத்து, நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள்.

ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த 60 நிமிட கேசட்டுகள் நிறைய இருக்கின்றன. பெட்டிகள் உடைந்துவிட்டன. கம்பெனி கேசட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை விட்டுவிடலாமா? (திருநெல்வேலி)

எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உங்கள் கேசட்டுகளைத்தான் எடுப்பேன். கம்பெனி வெளியீட்டுக்கு ஆயிரக்கணக்கில் பிரதிகள் உண்டு. ஏ பக்கம், பி பக்கம் என்று கடைக்காரர் பேனாவால் வரிசையாகப் பாட்டெழுதிய அந்த அட்டைக்கு வேறு பிரதி கிடையாது. உங்கள் வீட்டில் யாருக்கு எந்தப் பாட்டு பிடித்தது என்பதற்கு அதுதான் சான்று.

பெட்டியின் அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால், வீணான கேசட்டின் நல்ல பெட்டியை எடுத்து மாற்றுங்கள். அட்டையை முதலில் இருபுறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள், மை வெளுத்துவிடும். மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், அட்டை மறுபடி மடங்காது.