செடி சத்தம் போடுமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தண்ணி ஊத்தாத தக்காளிச் செடி கத்துதுன்னு ஒரு வீடியோ சுத்துது. நிஜமா?

பதில்: சத்தம் நிஜம். 'கத்துது' என்பது வீடியோ போட்டவர் சேர்த்தது. 2023-இல் வெளியான ஆய்வில், டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹடானி குழு, தக்காளிக்கும் புகையிலைக்கும் 10 சென்டிமீட்டர் தள்ளி மைக் வைத்துப் பதிவு செய்தது. தண்ணீரில்லாமல் காய்ந்த தக்காளியிலிருந்து மணிக்குச் சராசரியாக 35 'டிக்' வந்தது. நீர் ஊற்றிய செடியில் மணிக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. சத்தம் பெரும்பாலும் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20-ஐத் தாண்டாது. வீடியோவில் பாப்கார்ன் பொரிவதுபோல் கேட்பது, சுருதியை நமக்காக இறக்கிய பதிவு.

எப்படி வருகிறது? இலை நீரை ஆவியாக்க ஆக்க, தண்டுக்குள் மயிரிழைக் குழாய்களில் இருக்கும் நீர் மேலே இழுபட்டுக்கொண்டே இருக்கும். மண் காய்ந்தால் இழுவை ஏறும். ஒரு கட்டத்தில் உள்ளே காற்றுக்குமிழி புகுந்து நீரிழை பட்டென்று அறும், குழாயின் சுவர் அதிரும். டிக்குக்கு இதுவே மிகப் பொருத்தமான விளக்கம். 1966-லேயே மில்பர்னும் ஜான்சனும் ஆமணக்கில் இந்த அதிர்வைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அது கருவியைச் செடியில் ஒட்டவைத்துக் கேட்டது. காற்றில் தள்ளி நின்றும் கேட்கலாம் என்று காட்டியதுதான் 2023-இன் புதுமை.

கேள்வி: மாந்திரேக் வேரைப் பிடுங்கினா அலறுமாமே, கேட்டவங்க செத்துடுவாங்களாமே?

பதில்: ஐரோப்பியக் கதை. ஆள் சாகாமலிருக்க நாயைக் கட்டி இழுக்கவைத்தார்கள் என்றும் சொல்வார்கள். வேர் மனித உருவம்போல் கிளைக்கும், செடியில் கடும் விஷம் உண்டு. பயக்கதை பிறக்க இவ்வளவு போதும். அலறல் கிடையாது.

கேள்வி: இலையில் கிளிப் மாட்டினா செடி பாட்டு பாடுற கருவி வாங்கலாமா?

பதில்: ரசிக்க வாங்குங்கள். ஆனால் அது இலையின் மின்கடத்தும் தன்மை மாறுவதை அளக்கிறது, அந்த எண்களைச் சின்தசைசர் சுரமாக்குகிறது. ராகத்தைத் தேர்ந்தெடுத்தது கருவி செய்தவர்.

கேள்வி: சத்தம் வந்தா வலிக்குதுன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. வலியை உணர நரம்பு மண்டலம் வேண்டும், செடிக்கு அது இல்லை. குழாயில் நீரிழை அறுவது இயற்பியல்.

கேள்வி: மேலே வலி பற்றிக் கேட்டது நான்தான். விடமாட்டேன். அந்தச் சத்தத்தை அந்துப்பூச்சி கேட்டு முடிவெடுக்குதுன்னு படிச்சேன். ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் கேட்டா அது பேச்சு இல்லையா?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பேசலாம். நீங்கள் சொல்வது 2025-இல் வந்த ஆய்வு. நீர் ஊற்றிய இரண்டு தக்காளிச் செடிகளில் ஒன்றின் பக்கம் மட்டும் காய்ந்த செடியின் டிக்கை ஒலிக்கவிட்டார்கள். பெண் அந்துப்பூச்சிகள் சத்தமில்லாத செடியில்தான் அதிகம் முட்டையிட்டன. செடியே இல்லாமல் சத்தம் மட்டும் வைத்தபோது சத்தம் வந்த பக்கமே போயின. செவிடாக்கியதும் அந்தத் தேர்வு போய்விட்டது. ஆக, பூச்சிக்குக் கேட்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பூச்சிக்குச் சொல்வதற்காகச் செடி அந்த டிக்கை எழுப்புகிறது என்று இதிலிருந்து வராது. புலி நடந்த தடத்தை மான் படித்து ஒதுங்கும், அதற்காகப் புலி மானிடம் பேசியது என்போமா? பேச்சு என்று சொல்ல, சத்தம் போடுவதால் செடிக்கு லாபம் இருந்து, அந்த லாபத்துக்காகவே சத்தம் பரிணமித்தது என்று காட்டவேண்டும். அது காட்டப்படவில்லை.

கேள்வி: அப்போ செடிக்குக் காது மட்டும் உண்டா?

பதில்: அதிர்வை உணரும். ஈனோத்தேரா என்ற கடற்கரைச் செடியின் பூவுக்குத் தேனீ ரீங்காரத்தை ஒலிக்கவிட்டபோது 3 நிமிடத்தில் தேனில் சர்க்கரை கூடியது. 2019 ஆய்வு.

கேள்வி: ஜகதீஷ் சந்திர போஸ் செடி பேசும்னு நிரூபிச்சாரே?

பதில்: அவர் அளந்தது மின்துலங்கலையும் வளர்ச்சியையும். ஒலியை அல்ல.

கேள்வி: பாட்டு பாடுற கருவி பத்தி...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். சின்தசைசர்.

கேள்வி: நானே கேட்க வழியிருக்கா?

பதில்: இருக்கிறது. வௌவால் ஒலியறியும் கருவி போதும். செடிக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். அப்புறம், இது முக்கியம்: செடியில்லாத வெறும் மண்தொட்டியையும் அதேபோல் அதே நேரம் பதியுங்கள். இரண்டிலும் டிக் ஒரே அளவு வந்தால் சத்தம் அறையினுடையது.