முதல் செகண்ட் ஹேண்ட் டிராக்டர்: மீட்டரைப் பார்க்கும் முன் மிதியைப் பாருங்கள்

கேள்வி: துறையூர் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது. மூன்று ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம், இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நெல். மழை பெய்ததும் எல்லாரும் ஒரே நாளில் உழவுக்குக் கூப்பிடுவதால் வாடகை வண்டி கிடைப்பதில்லை. சொந்தமாக ஒரு பழைய டிராக்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். புரோக்கர் இரண்டு வண்டி காட்டினார். இரண்டுமே மாசி பெர்குசன் கம்பெனியின் மாசி 1035. ஒன்று 2012 மாடல், 4,100 மணி நேரம் ஓடியது, விவசாயி வீட்டு வண்டி, பெயிண்ட் மங்கிவிட்டது. இன்னொன்று 2016 மாடல், 2,300 மணி நேரம், செங்கல் சூளைக்காரர் வண்டி, புதுப் பெயிண்ட். விலையில் 60,000 ரூபாய் வித்தியாசம். எதை எடுக்கலாம்? எப்படிப் பராமரிப்பது? பிளஸ் டூ முடித்த என் மகன்தான் ஓட்டப் போகிறான்.

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். ஐந்து ஏக்கருக்கு வருஷம் இரண்டு போகம், போகத்துக்கு மூன்று உழவு ஓட்டு என்று வைத்தாலும் முப்பது ஏக்கர் ஓட்டுதான் வரும். ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் மொத்தம் நாற்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 48,000 ரூபாய். சொந்த வண்டியிலும் டீசல் செலவு உண்டு. மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் போட்டால் மணிக்கு நான்கு லிட்டர் வரை குடிக்கும். ஆகவே மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைத்து வாங்கினால் கட்டுப்படியாகாது. மழை பெய்த மூன்றாம் நாள் ஈரம் காய்வதற்குள் உங்கள் நிலத்தில் கலப்பை இறங்க வேண்டும் என்பதற்காக வாங்குகிறீர்கள். அதற்குக் கொடுக்கலாம். அதற்காகக் கடன் மேல் கடன் வாங்கிவிடாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் குறைந்த வாடகைக்கு டிராக்டர் அனுப்புகிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். முடிவெடுக்கும் முன் ஒரு போகம் அதையும் முயன்று பாருங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் மனம் 2012 வண்டிப் பக்கம்தான் போகிறது. மீட்டரில் மணி கூட இருந்தாலும் பரவாயில்லை. ஒரு டிராக்டர் எத்தனை மணி ஓடியது என்பதைவிட, அந்த மணி நேரத்தில் என்ன வேலை செய்தது என்பது முக்கியம். சூளை வண்டி தினமும் லோடு டிரெய்லரை இழுக்கும். பள்ளத்திலிருந்து மண் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது கிளட்ச் தேயும், இறங்கும்போது பிரேக் தேயும், மேடு பள்ளத்தில் முன் அச்சு ஆடிப்போகும். அப்படி ஓடிய வண்டி இத்தனை வருஷத்தில் 2,300 மணிதான் ஓடியிருக்கிறது என்றால் நம்ப முடியவில்லை. வாடகைக்கும் போகும் விவசாயி வீட்டு வண்டியே வருஷத்துக்கு அதைவிடக் கூட ஓடிவிடுகிறது. மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டும் ஓட்டலாம், பழைய மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டவும் செய்யலாம்.

மீட்டரை மாற்றுகிறவர்கள்கூடக் கிளட்ச் மிதியை மாற்ற மறந்துவிடுவார்கள். அதன் மேல் உள்ள வரிகள் முழுக்க மழமழவென்று தேய்ந்து, ஒரு ஓரம் மட்டும் பளபளத்தால் ஓட்டியவரின் கால் அங்கே பல ஆயிரம் மணி நேரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். பின்னால் போய் ஹூக்கைப் பாருங்கள். டிரெய்லரை மாட்டும் ஆணி போடும் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தால் அது டிரெய்லர் வண்டி. கலப்பையை மாட்டும் கீழ்க் கைகளின் (லோயர் லிங்க்) உருண்டைகள் லொடலொடவென்று ஆடினால் கலப்பை வேலை அதிகம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுங்கள். சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் நாலு விரல்கடைக்கு மேல் சுற்றினால் முன் அச்சு வேலை காத்திருக்கிறது.

புதுப் பெயிண்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். வெல்டிங் வைத்த இடமும், எண்ணெய் கசிந்த தடமும் பெயிண்டுக்குக் கீழே போய்விடும். போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு கழற்றியதா, கழற்றாமலேயே மேலோடு அடித்ததா என்பது தெரிந்துவிடும். பின் சக்கரத்தின் உட்புறம் கையை விட்டுத் தடவினால் ஆக்சில் சீல் ஒழுகுகிறதா என்பதும் விரலிலேயே தெரியும்.

பார்க்கப் போகும் நாளைக்கு முன்னதாகவே ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அதிகாலை ஆறு மணிக்குப் போங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் செல்ஃப் எடுக்காத வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஜில்லென்று இருந்தால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பதில் தவறில்லை, பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம். ஓடிச் சூடான வண்டியில் மட்டும் அந்த மூடியைத் தொடவே தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் கொஞ்சம் வெள்ளைப் புகை இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட வேண்டும். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. இப்போது இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் பைப்பைத் தேடுங்கள். அதன் வாயில் உள்ளங்கையைக் காட்டினால், நல்ல இன்ஜினில் குழந்தை ஊதுவது போல லேசாகத்தான் காற்று வரும். குபுகுபுவென்று புகையோடு அடித்தால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் லைனரும் தேய்ந்துவிட்டன. இன்ஜினை இறக்கிப் போட வேண்டியிருக்கும். மாசி 1035-இல் இருப்பது சென்னை சிம்சன் கம்பெனியின் மூன்று சிலிண்டர் இன்ஜின், திருச்சியிலேயே சாமான் கிடைக்கும். அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொண்டால் அப்படிப்பட்ட வண்டியையும் எடுக்கலாம். தெரியாமல் எடுப்பதுதான் கெடுதல்.

ஆள் இல்லாத சமதளத்தில் மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. பிறகு ரொட்டவேட்டரையோ கலப்பையையோ லிஃப்டில் முழுக்கத் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. பின் டயர் ஜோடி மாற்ற 40,000 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். டயரின் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் கட்டைகள்) தேய்ந்திருந்தால் அதையும் பேரத்தில் சேருங்கள்.

நெல் வயலில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) போட்டுச் சேடை அடித்த வண்டியா என்றும் கேளுங்கள். சேற்றுத் தண்ணீர் சீல் வழியாகப் பின் ஆக்சிலுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் போய்விடும். கியர் ஆயில் டிரெயின் போல்டை லேசாகத் தளர்த்தினால் ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். நல்ல வண்டிக்காரர் இதற்கு ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

பேப்பர் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். என் முதல் டிராக்டரை, ஆர்.சி. கையில் வாங்கிய தைரியத்தில் முழுப் பணமும் கொடுத்து எடுத்தேன். பழைய ஓனர் கட்ட வேண்டிய கடன் பாக்கி இருந்தது எனக்குத் தெரியாது. ஐந்தாவது மாதம், கதிர் அடிக்கிற நேரத்தில் ஆள் வந்து களத்திலிருந்தே வண்டியை எடுத்துப் போனார்கள். கொடுத்த பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அதனால் சொல்கிறேன், அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஹைப்பாதிகேஷன் (வண்டி மேல் கடன் பதிவு) இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று நீங்களே பாருங்கள். கடன் இருந்தால் அதை அடைத்து, படிவம் 35 கொடுத்து நீக்கிய பிறகுதான் முழுப் பணம். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று புரோக்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். டிரெய்லர் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனி ஆர்.சி. உண்டு. 2012 வண்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 15 வருஷப் பதிவு 2027-இல் முடிகிறது. பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் சொல்லி விலையைக் குறையுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கியர் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்ற கேள்வியே அதோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு 250 மணிக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில். உங்களுக்கு வருஷத்தில் அத்தனை மணி ஓடாது. எனவே மணியைப் பார்க்காமல் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

உங்கள் வண்டியின் ஆயுள் ஏர் கிளீனரில்தான் இருக்கிறது. மானாவாரி நிலத்தில் புழுதி உழவு ஓட்டும்போது வண்டியே தெரியாத அளவுக்குத் தூசு கிளம்பும். அந்தத் தூசில் ஒரு கைப்பிடி இன்ஜினுக்குள் போனால் போதும், ரிங்கும் லைனரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆகிவிடும். கிளீனருக்கு அடியில் ஆயில் கிண்ணம் இருக்கிறது. புழுதியில் ஓட்டும் நாட்களில் தினமும் சாயங்காலம் அதைக் கழற்றுங்கள். அடியில் களிபோல மண் தங்கியிருந்தால் கொட்டிவிட்டு, டீசலில் கழுவி, கோடு வரை புது இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிவிடும். கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் அதன் கிளிப்பையும் விரலால் திருகிப் பாருங்கள். போன வருஷம் என் பட்டறைக்கு வந்த வண்டியில், இன்ஜின் வேலை பார்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் பிரீதரில் புகை. ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் கிளிப் தளர்ந்து, உள்ளே செம்மண் ஒரு கோடாகப் படிந்திருந்தது. இருபது ரூபாய் கிளிப்.

மற்றவை சுலபம். முன் அச்சிலும் கிளட்ச் ஷாஃப்டிலும் பத்து மணிக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். ரேடியேட்டர் முன்வலையில் சோளத் தோகை அடைத்தால் சூடேறும், துடைத்துவிடுங்கள். டீசல் டேங்கை நிரப்பியே நிறுத்துங்கள், காலி டேங்கில் ராத்திரி ஈரம் தண்ணீராக இறங்கும். பத்து நாளைக்கு ஒருமுறையாவது ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டி வாருங்கள். கொட்டகையில் சும்மா நிற்கும் வண்டியின் ஒயரை எலி கடிக்கும். பேட்டரி பக்கம் அடிக்கடி பாருங்கள்.

கடைசியாக உங்கள் மகன். 18 வயது முடிந்து லைசென்ஸ் எடுத்த பிறகே ரோட்டில் விடுங்கள். இலகு ரக வாகன லைசென்ஸ் இந்த டிராக்டருக்குப் போதும். ரோட்டில் ஏறும்போது இரண்டு பிரேக் மிதியையும் கொண்டி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். தனித்தனியாக விட்டால் வேகத்தில் ஒரு பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிடும். சேற்றில் மாட்டிய எதையும் ஹூக்கில் கட்டித்தான் இழுக்க வேண்டும். கலப்பையின் மேல் கையை மாட்டும் டாப் லிங்க் இடத்தில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே சாயும். மட்கார்டில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது, தம்பி தங்கையாக இருந்தாலும். ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். வேட்டி நுனியோ துண்டோ சேலை முந்தானையோ அதில் பட்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. ரொட்டவேட்டரில் கொடி சிக்கினால், இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு இறங்கட்டும். முதல் பத்து நாள் பக்கத்தில் நின்று இந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவன் கையில் ஏற்றிவிடுங்கள்.