பட்டாவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

செங்குன்றம் பக்கம் மனை, பட்டாவில் புன்செய், தரகரோ 'குடியிருப்புப் பகுதிதான்' என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. புன்செய் என்பது வருவாய்த்துறை வகைப்பாடு. வீடு கட்டலாமா என்பதற்கு எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும், 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் நிலப் பயன்பாடு தெரியும். உட்பிரிவு எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரே சர்வே எண்ணில் ஒரு பகுதி குடியிருப்பு, மீதி வேளாண்மை என்றும் இருக்கலாம். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள், அங்கே கட்டுப்பாடுகள் தனி. 'மாத்திக்கலாம் சார்' என்பார் தரகர். சரி, உரிமையாளரே நிலப் பயன்பாட்டை மாற்றும் மறுவகைப்பாடு வாங்கி வரட்டும், அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.