மாமரங்களில் மரபணுப் பன்மை என்றால் என்ன?

குப்பம், வேப்பனப்பள்ளி பக்கம் எங்கே பார்த்தாலும் மாந்தோப்பு. அப்புறம் ஏன் மாவில் மரபணுப் பன்மை குறைகிறது என்கிறார்கள் என்பது கேள்வி.

ஒரே இன மரங்களுக்குள் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடுதான் மரபணுப் பன்மை. பங்கனப்பள்ளியின் நாரில்லாத சதை, கடைசியில் பழுக்கும் நீலம், கிளிமூக்கின் வளைந்த நுனி எல்லாம் அதன் வேலை.

கொட்டையில் முளைத்த கன்றுக்குத் தாய் ஒன்று, மகரந்தம் தந்த மரம் பெரும்பாலும் வேறு. அதனால் இங்குள்ள ரகங்கள் கொட்டையில் வளர்ந்தால் தாயைப் போலவே காய்ப்பதில்லை. ஒட்டுக் கன்று அப்படியல்ல. நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, நல்ல மரத்துக் குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். மேலே வளர்வது தாய்மரத்தின் அச்சு அசல் நகல். மாங்கூழ் ஆலைகள் கிளிமூக்கைக் கேட்பதால் ஏக்கர் ஏக்கராக அதுவே நிற்கிறது.

தெரு முழுக்க ஒரே பூட்டைப் போட்ட மாதிரி இது. திருடனுக்கு ஒரு சாவி கிடைத்தால் போதும். நோயும் அப்படித்தான் நுழையும். கிணற்றடியில் நிற்கும் புளிப்பு நாட்டு மரத்தை வெட்ட எனக்கு மனம் வராததும் இதனால்தான். புது ரகத்துக்கும் வேறுபட்ட மரங்கள் வேண்டும். நீலத்தையும் தசேரியையும் கலந்துதான் மல்லிகா வந்தது.

மரம் நிறைய இருந்தால் பன்மையும் நிறைய என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1,000 கிளிமூக்கு ஒட்டுமரங்கள், வேரை விட்டுவிட்டால், மரபணுக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே மரம்தான்.