கேள்வி பதில்: நீராவியில் தவழும் எலக்ட்ரான்கள்

கேள்வி: வாயு அறை வழியே போகும் எலக்ட்ரான் கற்றை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துச் சிதறல் குறுக்குப்பரப்பை (எலக்ட்ரானைச் சிதறடிக்க ஒரு மூலக்கூறு காட்டும் பரப்பை) அளக்கிறோம். நைட்ரஜனில் எண்கள் சரியாக வருகின்றன. நீராவியில் 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே, கோட்பாடு சொல்வதைவிட மிகவும் குறைகின்றன. அழுத்தமானியில் கோளாறு இல்லை. ஏன்?

பதில்: சந்தேகப்பட வேண்டியது, கற்றை வாயு அறையிலிருந்து வெளியேறும் துளையை. நைட்ரஜனுக்கு இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பதன் அளவு) இல்லை, நீருக்கு 1.85 டிபை (அதன் அலகு). அந்த இருமுனையின் பிடி வெகுதூரம் எட்டும். 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளமே 12 நானோமீட்டர். எங்கோ தள்ளிப் போகும் எலக்ட்ரான்கூட மூலக்கூறின் சுழற்சியை மாற்றிவிட்டு, இம்மியளவு மட்டும் திசை திரும்பி, அதே துளை வழியாக வெளியே வந்துவிடும். துளைக்கு அப்பால் எலக்ட்ரான்களை எண்ணும் சேகரிப்பான் அதைச் சிதறாததாகவே எண்ணும்.

துளையை மாற்றி மாற்றி, மூன்று அளவுகளில் அளந்து பாருங்கள். துளை சிறுக்கச் சிறுக்கக் குறுக்குப்பரப்பு ஏறினால் காரணம் இதுதான். விடுபட்டதைப் பார்ன் தோராயத்தில் (சிதறலை வலுவற்ற இடையூறாகக் கொள்ளும் கணக்கு முறையில்) கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். அப்போது மூலக்கூறை அசையாததாக வைத்தால் விடை முடிவிலிக்குப் போய்விடும். சுழற்சி ஆற்றலைச் சேர்த்தால்தான் எண் நிற்கும். ஆற்றல் இழந்த எலக்ட்ரான்களைத் தடுப்பு வலை (எதிர் மின்னழுத்தம் தந்த கம்பி வலை) வைத்துப் பிரித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். நீரின் அடிநிலையிலிருந்து சுழற்சியில் ஒரு படி ஏற 4.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான் தேவை. அறை வெப்பத்தில் ஏற்கெனவே சுழலும் மூலக்கூறுகள் எலக்ட்ரானுக்கு ஆற்றலைக் கொடுக்கவும் செய்யும்.

கற்றையை வழிநடத்த அச்சுவழிக் காந்தப்புலம் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: முன்னோக்கிச் சிதறியவை அனைத்தும் சேகரிப்பானுக்கே வரும். நீங்கள் அளப்பது பின்னோக்கிய சிதறலை மட்டுமே. அதுவும் பயனுள்ள அளவுதான், ஆனால் அந்தப் பெயரிலேயே குறிப்பிடுங்கள்.

கேள்வி: புலத்தை நிறுத்தினால் கற்றையே வருவதில்லையே?

பதில்: பூமியின் காந்தப்புலம் 50 மைக்ரோ டெஸ்லா என்று கொண்டால், அதில் 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் 7 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருண்டுவிடும். மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கும் உலோகக் கலவை) உறை போட்டு 0.1 மைக்ரோ டெஸ்லாவுக்குக் கொண்டுவந்தால், 3 சென்டிமீட்டர் பாதையில் விலகல் ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர். நீராவி உலோகப் பரப்பில் படிந்து தொடு மின்னழுத்தத்தையும் (வெவ்வேறு பரப்புகளுக்கு இடையே தானாக எழும் மின்னழுத்த வேறுபாட்டையும்) நகர்த்தும். எனவே ஆற்றல் அளவுகோலை நீராவி உள்ளே இருக்கும்போதே, சிறிது நைட்ரஜன் கலந்து, 2 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய அதன் ஒத்ததிர்வு முகடுகளை (சிதறல் திடீரென உயரும் ஆற்றல்களை) வைத்துச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: இருமுனை ஓர் எலக்ட்ரானைப் பிடித்து வைக்க 1.625 டிபை போதும் என்கிறது கோட்பாடு. நீர் மூலக்கூறு அதைத் தாண்டிவிட்டதே, பிடித்து வைக்குமா?

பதில்: வைக்காது. அந்த எல்லை அசையாத இருமுனைக்கு உரியது. சுழலும் மூலக்கூறுக்கு நடைமுறையில் சுமார் 2.5 டிபை தேவைப்படுகிறது. 3.9 டிபை கொண்ட அசிட்டோநைட்ரைல் பிடித்து வைக்கும்.