எலி வளையை யார் சொல்லலாம்?

கேள்வி: நண்பரின் புதுமனை புகுவிழாவில், 'எலி வலையானாலும் தனி வலை வேண்டும் என்பார்கள், வாங்கிவிட்டீர்களே' என்று பாராட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. பழமொழி தப்பா, நான் சொன்னது தப்பா?

பதில்: நீங்கள் சொன்னதுதான் தப்பு.

முதலில் எழுத்து. வலை, பிடிப்பதற்கு விரிப்பது. எலியும் நண்டும் குடியிருக்கத் தோண்டுவது வளை. எலி வளை அப்படியொன்றும் கேவலமான இடமில்லை. வயல் வரப்பில் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே கிளை கிளையாக வழி பிரியும், தப்பிக்க வேறு வாசல் இருக்கும், ஓர் அறையில் நெற்கதிர் சேர்த்து வைத்திருக்கும். அத்தனையும் எலி தானே தோண்டியது. கரையான் கட்டிய புற்றில் குடிபுகும் பாம்புக்கு நம் பழமொழிகளில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். ஆக, பழமொழியின் பாரம் முழுக்க 'தனி' என்ற சொல்லில் இருக்கிறது. யார் தயவும் இல்லாமல், யாருக்கும் கைகட்டாமல் இருக்க ஓர் இடம்.

சரி, பிறகு ஏன் அவர் முகம் வாடியது? 'ஆனாலும்' என்று விட்டுக்கொடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே உண்டு. அவர் சொன்னால் பெருமிதம். விருந்துக்குப் போனவர் சொன்னால் 'தனி' காதில் விழாது, எலிதான் விழும். கடன் வாங்கி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு வீடு வாங்கியவருக்கு, அது சின்னது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திருக்கோவலூர் இடைகழிக் கதையைப் பாருங்கள். இடைகழி என்பது வாசலை ஒட்டிய குறுகிய நடை. மழை இரவில் அங்கே ஒதுங்கியிருந்தவர் பொய்கையாழ்வார். பூதத்தாழ்வார் வந்ததும், 'ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம்' என்று எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வாரும் வர, 'மூவர் நிற்கலாம்' என்று மூவரும் நின்றுகொண்டார்கள் என்பது வைணவ மரபு. இடம் போதாது என்ற பேச்சு உள்ளே இருந்தவர் வாயிலிருந்து வந்தது. அதனால்தான் அது வரவேற்பாக இருக்கிறது. வெளியே நனைந்துகொண்டு நின்றவர் சொல்லியிருந்தால்?

சின்ன வீட்டைப் பாராட்டத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? 'அடக்கமாக இருக்கிறது', 'கச்சிதமாக இருக்கிறது' என்று மனதாரச் சொல்லலாம். நண்பரை நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்துவிடுங்கள். பழமொழிக்கு விளக்கம் எதுவும் அவரிடம் வேண்டாம்.