பதில்: ஸ்டாண்டப் தினமும் முக்கால் மணி நேரம் இழுக்கிறது

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் புது வேலை, ஒன்பது பேர் குழு, காலை ஸ்டாண்டப்பில் (தினசரி குழுக் கூட்டம்) மேனேஜர் ஒவ்வொருவராக முக்கால் மணி நேரம் விசாரிக்கிறார், ஸ்பிரின்ட் (ஒரு மாதத்துக்கு மிகாத வேலைச் சுற்று) நடுவில் புது வேலையும் வந்து விழுகிறது, இதுதான் ஸ்க்ரமா (குழுவாகச் சிறு சுற்றுகளில் வேலை செய்யும் முறை) என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. பழைய ஸ்டேட்டஸ் மீட்டிங்குக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதிய ஸ்க்ரம் கைட் (ஸ்க்ரமின் விதிநூல்) டெய்லி ஸ்க்ரமுக்கு, அதாவது உங்கள் ஸ்டாண்டப்புக்கு, கொடுப்பது 15 நிமிடம். ஸ்பிரின்ட் இலக்கை நோக்கிப் போகிறோமா, அடுத்த ஒரு நாளில் என்ன செய்யலாம் என்று டெவலப்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரம் அது. 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளைக்கூட 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நின்றுகொண்டே பேச வேண்டும் என்றும் அதில் இல்லை. (என் பழைய ஆபீசில் நிற்க வைத்தே நாற்பது நிமிடம் பேசினார்கள். சில்க் போர்டு நெரிசலில் நின்று வந்தவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம்.)

மேனேஜரோடு மோத வேண்டாம், ஸ்க்ரம் முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டரைப் பிடியுங்கள். கூட்டம் நேரத்துக்குள் முடிகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஆளாளாகக் கேட்காமல், வேலைகளின் நிலையைக் காட்டும் போர்டில் முடியும் தறுவாயில் இருக்கும் வேலையிலிருந்து பேசத் தொடங்கச் சொல்லுங்கள். நீளும் விவாதத்தைச் சம்பந்தப்பட்ட இரண்டு பேர் அப்புறம் டீ நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

புது வேலை, எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனர் வழியாக பேக்லாகுக்குத்தான் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) போக வேண்டும். அவசரம் என்றால், 'சரி, இதற்குப் பதில் எதை வெளியே எடுக்கலாம்?' என்று அவரிடமே கேளுங்கள்.

ஆமாம், உங்கள் குழுவில் மேனேஜரே ஸ்க்ரம் மாஸ்டரா? அப்படியானால் கதை வேறு, சொல்லுங்கள்.